முதல் புல்-அப் வரவில்லையா? இறங்கிப் பழகுங்கள்

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கொரு ராணுவ வீரர் என்று பேர் வாங்கிய ஊர் நம்ம வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ராணுவத்தில் சேர்வதற்கான அக்னிவீர் உடல்தகுதித் தேர்வில், புல்-அப் (கம்பியில் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்வரை உடலைத் தூக்குவது) 10 எடுத்தால் 40 மதிப்பெண், 6 எடுத்தால் 16தான். ஆனாலும் நிறைய தம்பிகள் ஓட்டத்திலேயே காலைப் பொழுதைக் கழித்துவிட்டு, கம்பியைக் கடைசி மாதத்தில்தான் தொடுகிறார்கள்.

ஒன்றுகூட வராதவர்கள் ஏறுவதை இப்போதைக்கு விடுங்கள். ஸ்டூல் மேல் நின்று, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடியுங்கள். காலை எடுத்துவிட்டு, கை முழுசாக நீளும் வரை 5 விநாடியாவது எடுத்து மெதுவாக இறங்குங்கள். தசையால் தூக்க முடிகிற எடையைவிட, தாங்கி இறக்க முடிகிற எடை அதிகம். அதனால் ஏற முடியாதவருக்கும் இது முடியும். 3 முதல் 5 முறை, அப்படி 3 சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தினமும் செய்தால் முழங்கைதான் வலிக்கும்.

கூடவே 30 விநாடி சும்மா தொங்குங்கள். தொங்கியபடி கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் கீழே இழுத்து விடுங்கள். புல்-அப் தொடங்குவதே அங்கேதான், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

உள்ளங்கை உங்களைப் பார்க்கும் பிடியில் முதல் ஒன்று சீக்கிரம் வரும். பிறகு பிடியை மாற்றிக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் மட்டும் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள், நம்ம ஊர் இரும்பு கையைச் சுட்டுவிடும்.