மாரி முடிந்ததும் வீட்டு ஒழுங்கைத் திரும்பப் பிடிப்பது எப்படி?

ஐப்பசியில் தொடங்கும் மாரிமழை திருகோணமலையில் தை வரை விட்டுவிட்டுப் பெய்யும். அதற்குள்ளேயே பிள்ளைகளின் விடுமுறை, வந்து தங்கும் சொந்தக்காரர், பொங்கல் எல்லாம் வந்துபோகும். வெயில் ஏறும் கிழமையில் பார்த்தால் வீட்டில் எந்த வேலையும் அதன் நேரத்தில் நடக்காது.

புதிதாகக் குடும்பம் நடத்துபவர்கள் பெரும்பாலும் விடும் பிழை, வெயில் கண்ட முதல் நாளே அலுமாரியைக் கொட்டுவது. பின்னேரம் நாலு மணிக்குக் கட்டில் நிறைய உடுப்பு கிடக்கும், குசினியில் இரவுச் சாப்பாடு இருக்காது, அடுத்த நாள் தொடர உடம்பு கேட்காது. குலைந்தது அலுமாரி அல்ல, நாளாந்தம் திரும்பி வரும் வேலைகள்தான். ஆகவே முதல் கிழமைக்கு மூன்றே மூன்று: இரவில் குசினி, காலையில் ஒரு வாளி உடுப்பு, கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் தேங்கும் இடங்கள்.

இரவில் குசினி: 20 நிமிடம்

சாப்பிட்டு எழுந்த உடனேயே சோற்றுப்பானையில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பருக்கை காய்ந்து ஒட்டினால் கழுவும் நேரம் இரட்டிப்பாகும். முதலில் தம்ளர், பிறகு கோப்பை, கடைசியில் கறிச்சட்டி. இந்த வரிசை மாறினால் எண்ணெய் எல்லாவற்றிலும் ஏறும். துடைக்கும் துணியைக் கொதிநீரில் 5 நிமிடம் போட்டுப் பிழிந்து, விரித்துக் காயவிடுங்கள். மடித்துக் குழாயில் போட்ட துணி விடிவதற்குள் நாறும்.

படுக்கப் போகுமுன் நாளைக்கு என்ன சாப்பாடு என்று முடிவு செய்யுங்கள். தோசை என்றால் உழுந்து பின்னேரமே ஊறி, இரவே அரைபட்டிருக்க வேண்டும். புட்டு என்றால் மாவும் தேங்காயும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். காலையில் வரும் பதற்றத்தில் பாதி இங்கேயே தீரும்.

காலையில் ஒரு வாளி

குவிந்த உடுப்பு முழுவதையும் ஒரே நாளில் நனைக்காதீர்கள். கொடியில் இடமுள்ள அளவுதான் துவைக்க வேண்டும். நெருக்கிப் போட்டால் காற்றுப் போகாது. நெடுநேரம் ஈரமாகக் கிடக்கும் துணியில் கிருமி பெருகுவதால்தான் அந்தப் புளித்த வாடை வருகிறது, சவர்க்காரம் குறைந்ததால் அல்ல. வாடை ஏறிய உடுப்பை, அரை வாளி தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினாகிரி கலந்து அரை மணித்தியாலம் ஊறவைத்து, அலசிவிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் போடுங்கள்.

சுவரில் பூஞ்சணம் இருந்தால் காய்ந்தபடி தும்புத்தடியால் தட்டாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு கப் பிளீச் திரவம் கலந்து, கதவு யன்னலைத் திறந்துவிட்டு, கையுறையுடன் துடையுங்கள். பிளீச்சுடன் வினாகிரியோ கழிப்பறை கழுவும் அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அந்த இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் வைக்கவே வேண்டாம்.

வியாழன் பின்னேரம்: தண்ணீர் தேங்கும் இடங்கள்

மூன்றிலும் இதைத்தான் தவறவிடக் கூடாது. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எவ்வளவு கொடூரமாகப் பரவியது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் வரை எடுக்கும். அதனால்தான் கிழமைக்கு ஒருமுறை என்ற கணக்கு, 10 நாளுக்கு ஒருமுறை பார்த்தால் பிந்திவிடும். பல வீடுகளில் வெள்ளிக்கு வீடு கழுவும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு முந்தின பின்னேரம் இதைச் சேர்த்துவிட்டால் மறக்காது.

தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே பீப்பாவையும் பூச்சாடித் தட்டையும் தும்பால் உரஞ்சிக் கழுவ வேண்டும். கூரைப் பீலியில் அடைந்த இலை, பிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, வளவில் கிடக்கும் சிரட்டை, குடித்துப் போட்ட இளநீர்க் கோம்பை, பழைய டயர், மழைக்கு மூடிய தறப்பாளின் மடிப்பு எல்லாவற்றையும் பாருங்கள். கிணற்றில் வெள்ளம் இறங்கியிருந்தால் குளோரின் இடுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அதுவரை குடிநீரை நன்றாகக் குமிழி எழும்பி 1 நிமிடமாவது கொதிக்க விட்டே குடிக்க வேண்டும்.

ஒரு நாள் தவறினால்

அடுத்த நாள் இரண்டு நாள் வேலையையும் சேர்த்துச் செய்யப் போகாதீர்கள், அன்றைய பங்கை மட்டும் செய்யுங்கள். இழுத்துச் சுமந்தால் நாலாம் நாள் எல்லாமே நின்றுவிடும். மிச்ச உடுப்பு கூடையில் கிடக்கட்டும்.

இரண்டாம் கிழமையில்

அரிசியில் வண்டு இருந்தால் பாயில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் விடுங்கள், வண்டு ஓடிவிடும். மணிக்குள் இருக்கும் முட்டை அதற்குச் சாகாது. கொஞ்ச அரிசிதான் என்றால் புடைத்து, பையில் இறுக்கிக் கட்டி, உறைகுளிரில் 4 நாள் வைக்கலாம். கடற்காற்றில் துருவலையும் கத்தியும் சீக்கிரம் துருப்பிடிக்கும், கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும்.

இனி அலுமாரிக்கு வரலாம், ஒரு நாளைக்கு ஒரு தட்டு மட்டும். உடுப்பை எடுத்து வெயில் காட்டி, தட்டை ஈரமின்றித் துடைத்து, அன்றே திரும்ப அடுக்கிவிடுங்கள். கைக்குழந்தையின் உடுப்புக்குள் மட்டும் நப்தலீன் உருண்டை வைக்கவே கூடாது. சில குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.