சிப்பாயாகச் சேர்ந்த அன்றே தொடங்க வேண்டிய கோப்பு

ஓய்வுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையின்போது மருத்துவ அதிகாரி என் வலது முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்போதிருந்து?" என்று கேட்டார். எந்த மாதத்தில், எந்தச் சரிவில், முதுகில் எவ்வளவு சுமையோடு வழுக்கி விழுந்தேன் என்பது எனக்கு அப்படியே நினைவிருந்ததால் விவரமாகச் சொன்னேன். அவர் என் மருத்துவக் கோப்பைப் புரட்டினார். அந்த ஆண்டில் ஒரு காய்ச்சலைத் தவிர வேறு பதிவே இல்லை. விழுந்த அன்று நான் யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போகவில்லை. மூன்று வாரத்தில் நாயக் பதவி உயர்வுக்கான பயிற்சியான கேடர் தொடங்கவிருந்தது; உடல்நலமில்லை என்று பதியும் சிக் ரிப்போர்ட்டில் பெயர் ஏறினால் கேடரிலிருந்து பெயர் இறங்கிவிடும் என்ற பயத்தில், சமையற்கூடமான லங்கரில் கடுகெண்ணெயைச் சுடவைத்து வாங்கி வந்து, விளக்கு அணைந்த பிறகு பாரக்கில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டேன்.

பதவி கிடைத்தது, முழங்கால் போனது. 24 ஆண்டுப் பணிக்குப் பின் திரும்பிப் பார்க்கும்போது, கறுப்பு டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டால் தன் எண்ணையும் பெயரையும் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பதினெட்டு வயதுப் பையனிடம் வீரத்தைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அவற்றைப் பயிற்சி தரும் உஸ்தாத்மார்கள் போதுமான அளவு சொல்லிவிடுவார்கள். கம்பெனி கமாண்டர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார், உடன் விழுந்தவனும் தூக்கிவிட்டவனும் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விடுவார்கள், கடைசியில் உனக்காகச் சாட்சி சொல்லப்போவது ஒரு தாள்தான், ஆகவே அந்தத் தாளை அன்றன்றே உண்டாக்கிக்கொள் என்பதை மட்டும் சொல்வேன். அதை எப்படிச் செய்வது என்பதே இக்கட்டுரை.

உடம்புக்கான தாள்

அடிபட்டால் அன்றே சிக் ரிப்போர்ட் செய்யுங்கள். எம்.ஐ. ரூமில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், எங்கே, எந்தப் பணியின்போது, எந்த உறுப்பில் அடிபட்டது என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விபத்துக் காயங்களுக்கு ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற படிவம் இருக்கிறது. காயம் பணி தொடர்பானதா இல்லையா என்று கட்டளை அதிகாரி கருத்து எழுதுவது அதில்தான். பிற்காலத்தில் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கும்போது முதலில் தேடப்படும் தாள்களில் அதுவும் ஒன்று. அதன் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். விடுப்பில் ஊருக்கு வந்திருக்கும்போது விபத்து நேர்ந்தால், அருகிலுள்ள இராணுவ மருத்துவமனைக்கோ ஸ்டேஷன் தலைமையகத்துக்கோ உடனே தெரிவித்து, யூனிட்டுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். தனியார் மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு, விடுப்பு முடிந்ததும் நொண்டிக்கொண்டே திரும்பிப் போய்ச் சொன்னால் அதற்குள் பாதி காரியம் கெட்டிருக்கும்.

காது விஷயத்தில் நாங்கள் எல்லோருமே மூடர்களாக இருந்தோம். 84 மி.மீ. ராக்கெட் லாஞ்சரைச் சுடும் நாளில் காதுக்கான அடைப்பான் பையிலேயே கிடக்கும்; கிட்டிலிருந்து பிய்த்தெடுத்த பஞ்சை விரலால் திணித்துக்கொள்வோம், அதையும் செய்யாதவனை ஆண்பிள்ளை என்போம். அன்றிரவு காதில் கேட்ட ரீங்காரம் மறுநாள் நின்றுவிட்டதாக நினைத்தேன். இப்போது மின்விசிறியை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. ரீங்காரம் இரண்டாம் நாளும் இருந்தால் கேட்கும் திறன் பரிசோதனையைக் கேட்டு வாங்கி, முடிவைக் கோப்பில் சேருங்கள்.

உயரமான மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் உடலைப் பழக்கும் நாட்களில் ஒளிவு மறைவு செய்யவே கூடாது. 9,000 அடியில் 6 நாள், 12,000 அடியில் 4 நாள், 15,000 அடிக்கு மேல் மேலும் 4 நாள் என்று வைத்திருப்பது அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்துபோவதால்தான். தலைவலியையும் இருமலையும் மறைத்துக்கொண்டு மேலே ஏறுகிறவனின் நுரையீரலில் நீர் கோத்தால், ஹெலிகாப்டர் வருவதற்குள் உயிர் போய்விடக்கூடும்.

இப்படியெல்லாம் எழுதிவைத்தால் மருத்துவ வகைப்பாடு இறங்கிவிடுமே என்று கேட்பீர்கள். இறங்கலாம். முழு உடல்தகுதியைக் குறிக்கும் ஷேப்-1 வகைப்பாடு இல்லாதவனுக்குப் பதவி உயர்வு தள்ளிப்போவதும் உண்மைதான். இதில் இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தற்காலிகமாக இறக்கப்பட்ட வகைப்பாடு மறுபரிசோதனைக்கு வரும், குணமானால் ஏறும். மறைத்த காயம் எந்தப் பரிசோதனைக்கும் வராது. ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு மதிப்பிட்டு, அது பணியால் ஏற்பட்டது அல்லது பணியால் மோசமடைந்தது என்று ஏற்கப்பட்டால்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைக்கும். சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் இல்லாதவனுக்குப் பின்னர் வந்த நோய் பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதைக் காட்டிப் பலர் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வென்றிருக்கிறார்கள். அதன் பிறகு 2023-இல் இந்த ஓய்வூதியத்துக்கான புதிய தகுதி விதிகளும் வந்துவிட்டன. தீர்ப்பை நம்பிக்கொண்டு தாளை விட்டுவிடாதீர்கள். சென்னையில் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது என்றாலும், அதன் படியேறுவதற்கும் ஆதாரம் வேண்டும்.

பெயரில் ஓர் எழுத்து

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நேரும் குளறுபடி நமக்கே உரியது. ஒரே பெயரின் 'த'வுக்குப் பள்ளிச் சான்றிதழில் 'எச்' இருக்கும், ஆதாரில் இருக்காது. இனிஷியல் ஒன்றில் முன்னால் நிற்கும், மற்றொன்றில் தகப்பனாரின் முழுப் பெயராக விரிந்து பின்னால் நிற்கும். வடநாட்டிலிருந்து வந்த கிளார்க் காதில் விழுந்ததை எழுதுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என் மனைவியின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பணியில் இருந்தபோது ஒரு மனு எழுதியே திருத்தியிருக்கலாம். ஓய்வுக்குப் பின் பிரமாணப் பத்திரம் எழுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நடந்து, படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருந்ததில் ஏழு மாதம் கழிந்தது.

திருமணம், குழந்தை பிறப்பு, பெயர்த் திருத்தம் எதுவானாலும் இத்தகைய மாற்றங்களை அறிவிக்கும் யூனிட்டின் பார்ட் டூ ஆர்டரில் வெளிவந்தால்தான் அது ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். மனுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணாமல், ஆர்டரின் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, நீண்ட விடுப்புக்குக் கிளம்பும் முன், கம்பெனி அலுவலகத்தில் உங்கள் சொந்த விவரங்களும் பணி விவரங்களும் அடங்கிய ஷீட் ரோலைக் கேட்டு வாங்கி, பிறந்த தேதி, மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் ஆகியவற்றை ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற கணினி வழி முறையில் வருவதால், மனிதர் கண்ணுக்குப் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு புள்ளிகூட அங்கே தடையாக நிற்கிறது.

வாரிசு நியமனத்தையும் அப்போதே பாருங்கள். சேரும்போது தாயார் பெயரை எழுதியிருப்போம். திருமணத்துக்குப் பின் வருங்கால வைப்பு நிதி, குழுக் காப்பீடு, பணிக்கொடை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் புதுப்பிக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறிவிடா. அம்மாவுக்கு ஒரு பங்கு தர விரும்பினால் சதவீதத்தைத் தெளிவாக எழுதுங்கள். துக்க வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரு படிவத்துக்காகப் பேச்சற்றுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அனுப்பிய பணம்

அப்பாவின் நிலத்தில் தம் சம்பளத்தால் வீடு கட்டாத படைவீரர் எங்கள் பக்கத்தில் குறைவு. பணம் மாதாமாதம் போகும், வீடு அறை அறையாக எழும், விடுப்பில் வரும்போது தெருவே பெருமையாகப் பார்க்கும். அப்பா உயில் எழுதாமல் இறந்த பிறகுதான், பட்டா அவர் பெயரில் இருப்பதால் அண்ணன் தம்பி அக்கா தங்கை அனைவருக்கும் அதில் பங்கு உண்டென்பது தெரியவரும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், சட்டம் அப்படி. ஆகவே செங்கல் வாங்கும் முன், அந்த மனையை உங்கள் பெயருக்குச் செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிவு செய்து, பட்டாவும் மாற்றிக்கொள்ளுங்கள். மகன் பெற்றோரிடம் இதைக் கேட்பது சங்கடம்தான். வீட்டுக்கு அனுப்பும் பணத்தை வங்கி வழியாகவே அனுப்பி, எதற்கென்று ஒரு வரி குறித்துவையுங்கள்.

ஓய்வின்போது கைக்கு வரும் மொத்தத் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை ஒப்படைத்து மொத்தமாகப் பெறலாம், ஒப்படைத்த பகுதி 15 ஆண்டுகளுக்குப் பின் மீளும். அந்தப் பணம் வந்த வாரமே மனை விற்பவரும் சீட்டு நடத்துபவரும் வாசலில் நிற்பார்கள். ஓராண்டு வரை அதை வைப்புத்தொகையில் போட்டுவிட்டு, எல்லோரிடமும் "பணம் இன்னும் வரவில்லை" என்று சொல்வதே நல்லது. பொய்தான், ஆனாலும் சொல்லுங்கள்.

வெளியேறும் முன்

கடைசி இரண்டு ஆண்டுகளை ஊர் நினைப்பிலேயே கழித்துவிடாதீர்கள். மத்திய அரசின் குரூப் சி நேரடி நியமனங்களில் 10 சதவீதமும், பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணியிடங்களில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. வயதிலிருந்து பணிக்காலத்தைக் கழித்தபின் மிஞ்சுவது உச்ச வரம்பை 3 ஆண்டுக்கு மேல் தாண்டாவிட்டால் போதும். என் கணக்கில் 42-இல் 24 போக 18 வந்தது. காகிதத்தில் நான் மறுபடியும் டிரங்குப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்த பையனாகிவிட்டேன். தேர்வறையில் சதவீதக் கணக்குகளைப் பார்த்தபோதுதான் அந்தப் பையன் படித்ததெல்லாம் மறந்துபோயிருந்தது தெரிந்தது. பாரக்கில் சீட்டாடிய மாலைகளில் பாதியைக் கொடுத்திருந்தால் போதும், தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம்.

அக்னிவீரர்களுக்கு இது இன்னும் அவசரம். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே தொடர்வார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி என்ற மொத்தத் தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. எனக்கு 24 ஆண்டு கிடைத்தும் வீணடித்தேன். உங்களுக்கு அந்த வசதி இல்லாததால், படிப்பையும் திறன் சான்றிதழ்களையும் முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள்.

யூனிட்டைவிட்டுக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவக் குழு அறிக்கையின் நகல், பார்ட் டூ ஆர்டர் எண்கள் எழுதிய நோட்டு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். ரயிலில் லக்கேஜோடு போடாதீர்கள். ஊருக்கு வந்து ஓய்வூதிய ஆணை கைக்கு வந்ததும் அதில் மனைவி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மனைவியை உட்காரவைத்து, எந்தத் தாள் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். ஒருநாள் வெளியே போயிருக்கும்போது வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஓய்வூதிய ஆணையின் எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். என் மனைவிக்கு முதல்முறை இருபது நிமிடம் ஆனது. இப்போது மூன்று நிமிடம்.