பழைய ஸ்போர்ட்ஸ் காரின் லீஃப் ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன்

பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓர் அழகு உண்டுதான். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆசை இன்னும் அதிகம். அமெரிக்க விதிகளுக்காக 1974-இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது, காரின் உயரத்தையும் கூட்டிவிட்டார்கள். அதை மறுபடி இறக்கப் பார்ப்பவர்கள் பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங்கை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகளை, வெறும் மெத்தையாக நினைத்துவிடுகிறார்கள். அந்தக் காரில் பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலைப் பிடித்திருப்பதே அதுதான். குலுக்கலை வாங்குவது, சக்கரம் தள்ளும் விசையை பாடிக்குக் கடத்துவது, பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் சுழன்றுவிடாமல் நிறுத்துவது எல்லாம் அந்தப் பட்டைகளின் பொறுப்பு. மெயின் லீஃப் எனும் நீளமான முதன்மைப் பட்டை முறிந்தால் ஒரு பக்கச் சக்கரம் இடம் நகரும். ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே வண்டி திரும்பும்.

இருப்பதிலேயே மோசமான தவறு, கேஸ் டார்ச்சால் சூடாக்கி வளைவைக் குறைப்பது. ஸ்பிரிங் எஃகு, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடுகாட்டிப் பதம் ஏற்றியது. டார்ச் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பார்க்க ஒன்றும் தெரியாது, அதுதான் சிக்கல். பட்டையில் வெல்டிங் வைப்பதும் துளை போடுவதும் இதே ரகம். கிரைண்டர் கீறலைக்கூடச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாரம் ஏறும்போது பட்டையின் மேல்முகம்தான் இழுபடுகிறது, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். உயரம் குறையத்தான் வேண்டுமென்றால் வளைவு குறைவாகச் செய்த புது ஸ்பிரிங்கை ஜோடியாக வாங்குவதே என் கட்சி.

அடுத்தது, ஒரு பட்டையைக் கழற்றிவிடுவது. ஒரே தடிப்புள்ள ஆறு பட்டைகளில் ஒன்று போனால் மீதி ஐந்தும் தலைக்குச் சுமார் 20 சதவீதம் கூடுதல் பாரம் சுமக்கும். திரும்பத் திரும்ப வளைந்து எஃகு பலவீனமாகும் உலோகச் சோர்வு இந்தக் கணக்கைவிட வேகமாக ஏறும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஸ்பிரிங் 'எஸ்' வடிவில் முறுக்கிக்கொள்ளும், பின்சக்கரம் துள்ளும்.

உயரம் குறைக்க ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் (உலோகக் கட்டை) வைப்பது அவ்வளவு பாவமில்லை. ஆனால் பிளாக் உயர உயர ஆக்சிலின் முறுக்கு ஸ்பிரிங்கை அதிகமாகத் திருகும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை பிளாக்கின் குழியில் சரியாக உட்கார வேண்டும். ஆக்சில் பாடியில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்புக்கு எவ்வளவு இடைவெளி மிச்சம் என்றும் அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் பழைய யு-போல்ட் ஏற்கெனவே இழுபட்டது, புதிதாகப் போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்குங்கள்.

ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டு அது மாட்டியிருக்கும் இடத்தை விட்டுவிடுவதும் வழக்கம். பழைய கார்களில் ஸ்பிரிங்கின் ஒரு முனையைப் பாடியோடு இணைக்கும் ஷாக்கிள் தொங்கும் பாடிப் பகுதி பெயின்டுக்கு அடியில் துருவால் அரித்திருக்கும். இறுக்கமான புது ஸ்பிரிங்கைப் போட்டால் அடி நேராக அங்கேதான் விழும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, ஜாக்கில் சக்கரம் தொங்கும்போதே ஸ்பிரிங் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் (அதிர்வை வாங்கும் ரப்பர் உறை) போல்ட்டுகளை முழுக்க இறுக்கிவிடாதீர்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகு இறுக்குங்கள்.