ரீஜனல் ஏர்லைன் பைலட் வேலை: சேரும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் சிறிய ஊருக்கு விமானத்தில் போனவர்கள் கவனித்திருக்கலாம். வாலில் யுனைடெட்டின் வண்ணமோ டெல்டாவின் வண்ணமோ இருக்கும். ஆனால் ஏறும் கதவருகே சின்ன எழுத்தில் ஸ்கைவெஸ்ட் என்றோ ரிபப்ளிக் என்றோ எண்டெவர் என்றோ வேறொரு பெயர் இருக்கும். டிக்கெட் விற்பது பெரிய நிறுவனம், விமானத்தை ஓட்டுவது இந்த ரீஜனல் நிறுவனம். பெரிய நிறுவனங்களின் பைலட் சங்கங்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, இவர்கள் ஓட்டும் ஜெட்கள் பெரும்பாலும் 76 இருக்கைக்கும் 86,000 பவுண்டு எடைக்கும் மேல் போகக்கூடாது. எம்ப்ரேயர் 175, சிஆர்ஜே வகை விமானங்கள் எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கியவை.

அமெரிக்காவில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலரும் இப்போது இந்த வேலையை நோக்கிப் படிக்கிறார்கள். இந்தியாவில் 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் உரிமம் வாங்கியவர், தேர்வும் பயிற்சியும் முடிந்தால் சேலத்துக்கோ தூத்துக்குடிக்கோ போகும் ஏடிஆர் விமானத்தின் வலது இருக்கையில், அதாவது துணை விமானியாக, உட்கார்ந்துவிடலாம். அமெரிக்காவில் அதே இருக்கைக்குப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். விமானவியலில் இளங்கலைப் பட்டம் இருந்தால் 1,000 மணி, ராணுவ விமானியாக இருந்தவர்களுக்கு 750 மணி. அந்த மணிக்கணக்கைச் சேர்க்கப் பல வருடங்களும், பயிற்சிக் கடனாகப் பெருந்தொகையும் போய்விடும். இவ்வளவு பாடுபட்டுச் சேர்ந்தவர் இரண்டே வருடத்தில் "ஏன்டா இதுக்கு வந்தோம்" என்று நொந்துபோவதும், அதே நிறுவனத்தில் அதே சம்பளம் வாங்கும் இன்னொருவர் நிம்மதியாக இருப்பதும் இந்தத் தொழிலில் சாதாரணம். இருவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சேர்வதற்கு முன் எடுத்த இரண்டு மூன்று முடிவுகளில் இருக்கிறது.

மணிக்கூலியை மாதச் சம்பளமாக எண்ணுவது

2022-ல் பைலட் பற்றாக்குறை உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான என்வாய், பீட்மாண்ட், பிஎஸ்ஏ மூன்றும் புதிதாகச் சேரும் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு (துணை விமானிக்கு) மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. மற்ற நிறுவனங்களும் ஏற்றின. அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்னால் ஆண்டுக்கே 20,000 டாலரை ஒட்டித்தான் புதியவர்கள் வாங்கினார்கள் என்பதை நினைத்தால் இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் அந்த 90 டாலரை வாரத்துக்கு 40 மணியால் பெருக்கிவிடக் கூடாது. இங்கே ஒரு மணி என்பது கதவு மூடி, பிரேக் எடுத்து, விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து போய் நிற்கும் இடத்தில் பிரேக் போடும் வரைதான். பனியில் மூன்று மணி நேரம் கேட்டில் காத்திருந்தாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது இந்த மணிக்கணக்கில் சேராது. நான்கு நாள் டிரிப் ஒன்றில் வீட்டை விட்டு 75 மணி நேரம் வெளியே இருந்துவிட்டு, 20 மணிக்கான சம்பளத்தோடு திரும்புவது வழக்கமான விஷயம். மாதம் 75 மணி குறைந்தபட்ச உத்தரவாதம் என்று வைத்துக்கொண்டால், 90 டாலர் வீதம் வருடத்துக்கு 81,000 டாலர். வரி, மருத்துவக் காப்பீடு, பயிற்சிக் கடனின் தவணை போக மிச்சம் என்ன என்று பாருங்கள். கடன் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டவர்கள் பிறகு கலங்குவதில்லை.

இரு நிறுவனங்களை ஒப்பிடும்போது மணிக்கூலியைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: மாத உத்தரவாதம் எத்தனை மணி, விமானம் ரத்தானால் அந்த மணிக்குச் சம்பளம் உண்டா, வீட்டை விட்டு வெளியே இருக்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி ஒப்பந்தத்தில் இருக்கிறதா. இந்த மூன்றுக்கும் பதில் கையில் இல்லாமல் 5 டாலர் கூடுதல் மணிக்கூலிக்காக நிறுவனம் மாறுவது வீண்.

ஒரு ஊரில் குடியிருந்துகொண்டு இன்னொரு ஊரில் டியூட்டி பார்ப்பது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரிது. மற்றவற்றைச் சமாளித்துவிடலாம், இது ஆளையே அரித்துவிடும்.

ஒவ்வொரு விமானிக்கும் ஒரு பேஸ் உண்டு. டிரிப் தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். பேஸ் சார்லட்டில் இருக்க, குடும்பம் டல்லாஸில் இருந்தால், வேலை தொடங்கும் முன் சார்லட்டுக்கு எப்படியாவது போய்ச் சேர வேண்டியது விமானியின் சொந்தப் பொறுப்பு. ஓடும் விமானத்தில் காலி இருக்கையிலோ, காக்பிட்டில் இருக்கும் ஜம்ப் சீட்டிலோ இலவசமாகப் போகலாம். ஆனால் இடம் நிச்சயமில்லை. காசு கொடுத்த பயணிக்குப் போக மிஞ்சினால்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் கேட் அருகே யூனிஃபார்மோடு நின்று, ஒரு விமானம் போய், அடுத்ததும் போய், மூன்றாவதில் பெயர் வருமா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. அது ஓய்வும் இல்லை.

2009 பிப்ரவரி 12 அன்று நூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம் வீடுகளுக்கு நடுவே விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது கேப்டன் கொடுத்த தவறான கட்டுப்பாடே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அதே விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தியை இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஃபர்ஸ்ட் ஆபீசர் சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டிலிருந்து, இரவெல்லாம் நாட்டைக் குறுக்காகக் கடந்து, சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு, நூவர்க்குக்கு டியூட்டிக்கு வந்திருந்தார். கேப்டன் விமானிகள் அறையில் படுத்திருந்தார். இருவருக்கும் சரியான தூக்கம் இல்லை. பேஸ் அருகே தங்க இருவருக்கும் சொந்தமாக இடம் இல்லை.

அதன் பிறகு 2010-ல் வந்த சட்டம்தான் 1,500 மணி விதிக்கு வழிவகுத்தது. அந்த விமானத்தில் இருந்த இருவருமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தூக்கத்துக்கு நேரடியாக உதவியது 2014 ஜனவரி 4 முதல் அமலான பணிநேர விதி. டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தடையில்லாமல் தூங்க வாய்ப்பு. ஆனால் பேஸுக்கு வந்து சேரும் பயணத்தை அந்த விதி டியூட்டியாகக் கணக்கிடுவதில்லை. அந்த 10 மணியில் 6 மணியை நீங்கள் வழியிலேயே கழித்தாலும் காகிதத்தில் அது ஓய்வுதான். உடலுக்குக் காகிதம் தெரியாது.

ரிசர்வில், அதாவது கூப்பிட்டால் வரத் தயாராக, இருப்பவருக்கு இது இன்னும் கொடுமை. புதிதாகச் சேர்ந்தவருக்கு நிலையான அட்டவணை கிடைக்காது. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனாலோ, விமானம் தாமதமானாலோ கூப்பிடுவார்கள். ஷார்ட் கால் என்றால் சுமார் இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பேஸ் இருக்கும் ஊரிலேயே வீடு என்றால், போன் வரும்வரை பிள்ளைகளோடு இருக்கலாம், சமைக்கலாம், தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாம். பல நாள் கூப்பிடவே மாட்டார்கள், சம்பளம் வந்துவிடும். வெளியூர்க்காரர் என்ன செய்வார்? கிராஷ் பேட் எனப்படும் வாடகை வீட்டில், இரண்டடுக்குக் கட்டில்கள் போட்ட அறையில், நாலைந்து பேரோடு போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். நியூயார்க்கில் கியூ கார்டன்ஸ் பகுதியை விமான ஊழியர்கள் "க்ரூ கார்டன்ஸ்" என்றே சொல்கிற அளவுக்கு அங்கே இப்படிப்பட்ட வீடுகள் பெருகின. ஜன்னலை மூடிவிட்டுப் பகலில் ஒருவர் தூங்க, இன்னொருவர் சத்தமில்லாமல் மைக்ரோவேவில் சாதம் சூடுபண்ண, போன் வராமலே மூன்று நாள் போய்விடும். கட்டிலுக்கு வாடகை, வந்துபோக ஒவ்வொரு முறையும் ஒரு நாள். காகிதத்தில் மாதம் 11, 12 நாள் விடுமுறை என்றிருப்பது வீட்டில் ஏழெட்டு நாளாகச் சுருங்கிவிடும்.

ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஊரைத் தேர்ந்தெடுங்கள். எங்கே வாழ முடியும், கணவனுக்கோ மனைவிக்கோ எங்கே வேலை இருக்கிறது, அந்த ஊரில் யாருடைய பேஸ் இருக்கிறது, புதியவருக்கு அந்த பேஸ் எத்தனை மாதத்தில் கிடைக்கிறது. இந்த வரிசையில் விசாரித்தால் பாதிச் சிக்கல் வராது. குடிபெயரவே முடியாது என்றால், வீட்டிலிருந்து ஒரே விமானத்தில், ஒரு நாளைக்குப் பல சேவைகள் இருக்கும் பேஸாகவாவது பாருங்கள். இடையில் மாறி ஏறும் பயணம் வேண்டவே வேண்டாம்.

போனஸைப் பார்த்துச் சேருவதும், தேதியைத் தள்ளிப்போடுவதும்

சேர்ந்த வரிசைப்படி கிடைக்கும் சீனியாரிட்டி எண் என்பது பந்தியில் உட்காரும் வரிசை போல. முன்னால் உட்கார்ந்தவர் இலையில் எல்லாம் விழுந்த பிறகுதான் கடைசி இலைக்கு வரும். எந்த பேஸ், எந்த மாதம் லீவு, தீபாவளி அன்று வீட்டில் இருப்பதா, எப்போது கேப்டன் ஆவது எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்தது. திறமையோ நல்ல பெயரோ அதை மாற்றாது. அதனால் பயிற்சி வகுப்புக்கு அழைப்பு வந்தபோது, சொந்தக்காரர் கல்யாணம், வீடு மாற்றம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டால், அந்த இரண்டு மாதத்தில் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் அந்த நிறுவனத்தில் உங்களுக்கு எப்போதும் முன்னால்தான்.

அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. 2020-ல் கொரோனா வந்தபோது டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் இரண்டும் ஏப்ரலிலேயே மூடப்பட்டன. யுனைடெட்டுக்காகப் பறந்த எக்ஸ்பிரஸ்ஜெட் செப்டம்பர் இறுதியில் நின்றது. பதினைந்து வருட கேப்டன்கள் வேறிடத்தில் பட்டியலின் அடியிலிருந்து தொடங்கினார்கள். ரீஜனல் நிறுவனத்தின் உயிர் அது கையெழுத்துப் போட்டிருக்கும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. யாருக்காகப் பறக்கிறது, ஒரே நிறுவனத்துக்கா பல நிறுவனங்களுக்கா, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, 50 இருக்கை பழைய ஜெட்களை மட்டும் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். சேரும்போது கொடுக்கும் கையெழுத்து போனஸ் இந்தக் கேள்விகளை மறைத்துவிடும். அதிலும் பல போனஸ்களுக்குக் காலக்கெடு உண்டு, முன்னதாக விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். வந்த பணத்தை முழுவதும் செலவழித்தவர்கள், நல்ல வாய்ப்பு வந்தபோது கட்டிப்போடப்பட்டதைப் பார்த்திருக்கிறோம்.

என்வாய், பீட்மாண்ட், பிஎஸ்ஏ போன்றவற்றிலிருந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு வரிசைப்படி நேரடியாகப் போகும் வழி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆள் சேர்ப்பவர் சொல்லும் வருடக்கணக்கை வைத்து வீட்டுக்கடன் வாங்காதீர்கள். 2022, 2023-ல் பெரிய நிறுவனங்கள் வேகமாக ஆளெடுத்தன, 2024-ல் அந்த வேகம் தளர்ந்தது. வரிசை நகரும் வேகம் யார் கையிலும் இல்லை.

உடம்பையும் மனதையும் மறைப்பது

முதல் வகுப்பு மருத்துவச் சான்று 40 வயதுக்குக் கீழ் 12 மாதத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் 6 மாதத்துக்கு ஒருமுறை. அது போனால் வேலை இல்லை. இந்தப் பயத்தில் டாக்டரிடமே போகாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் ஹொரைசன் ஏர் விமானத்தின் ஜம்ப் சீட்டில் பயணித்த விமானி ஒருவர், நடுவானில் எஞ்சின்களை நிறுத்த முயன்றார். காக்பிட்டில் இருந்தவர்கள் தடுத்து, போர்ட்லாந்தில் பத்திரமாக இறக்கினார்கள். நண்பரின் மரணத்துக்குப் பின் வந்த மனச்சோர்வோடு நீண்ட காலம் இருந்தும், உரிமம் போய்விடும் என்ற பயத்தில் சிகிச்சை எடுக்கத் தயங்கியதாக அவரே பிறகு பேட்டியில் சொன்னார்.

சில மனச்சோர்வு மருந்துகளை எடுத்துக்கொண்டே பறக்க 2010 முதல் சிறப்பு அனுமதி பெற முடிகிறது. நடைமுறை நீளமானது, செலவும் உண்டு, சில மாதம் பறக்க முடியாது. ஆனாலும் வழி இருக்கிறது. விமானிகள் சங்கத்தின் மருத்துவ ஆலோசகர்களிடம் முதலில் பேசுங்கள். வேலையில் சேர்ந்த உடனேயே உரிம இழப்புக் காப்பீடு எடுங்கள். சோர்வாக இருந்தால் பறக்க மாட்டேன் என்று சொல்வதைச் சட்டமே கடமையாக வைத்திருக்கிறது. "நாலாவது லெக்தானே, சமாளிச்சிடலாம்" என்று (லெக் என்பது ஒருமுறை ஏறி இறங்கும் பறப்பு) புதியவர்கள் அதைச் சொல்லத் தயங்குவதுதான் கவலையாக இருக்கிறது.

இந்த வேலையை வெறும் காத்திருப்பாக நினைப்பது

மேஜர் எனப்படும் பெரிய நிறுவனத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய இடம் என்று ரீஜனலை நினைப்பவர்கள் அதிகம். அப்படி நினைத்தே ஐந்தாறு வருடத்தைக் கசப்பாகக் கழித்துவிடுகிறார்கள். பறக்கும் கலை கையில் படியும் இடமே இதுதான். நீண்ட தூர விமானத்தின் விமானி மாதத்தில் ஓரிரு முறைதான் தரையிறக்குவார். இங்கே ஒரு நாளைக்கே நான்கு ஐந்து லெக் வரும். கொலராடோ மலைகளுக்கு நடுவே 7,800 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஆஸ்பென் நிலையத்துக்குப் பெரிய போயிங்குகள் வர இயலாது. இறக்கை நீளத்துக்கே அங்கே வரம்பு உண்டு. சிஆர்ஜே-700 ஓட்டும் ரீஜனல் விமானி அந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்து இறங்கி, அதே வழியில் திரும்பி ஏறுகிறார். 1978-ல் விமான நிறுவனங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடுகள் நீங்கியபோது சிறு ஊர்கள் கைவிடப்படாமல் இருக்க அரசு மானியம் கொடுத்தது. இன்றும் அந்த மானியத்தில் ஓடும் சேவை ஒன்றுதான் பல ஊர்களுக்கு விமானத் தொடர்பு.

கேப்டன் ஆவதற்கு அங்கே ஏர்லைனில் 1,000 மணி அனுபவம் வேண்டும். அது முடிந்தும், நல்ல அட்டவணை கையை விட்டுப் போகும் என்று சிலர் வலது இருக்கையிலேயே இருந்துவிடுகிறார்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த நிறுவனம் பெரும்பாலும் கேட்பது கேப்டனாகப் பறந்த மணியை.

மேஜருக்குப் போகாமலே இருந்துவிடுகிறவர்களைத் தோற்றவர்களாகப் பேசும் பழக்கமும் இந்தத் தொழிலில் இருக்கிறது, அது தப்பு. கட்டாய ஓய்வு வயது 65. ஐம்பது வயதில் பட்டியலின் மேலே, சொந்த ஊர் பேஸில், வார இறுதி விடுமுறையோடு இருக்கும் ரீஜனல் கேப்டன் மேஜருக்குப் போனால், மீண்டும் ரிசர்வில் தொடங்கி, மிச்சம் 15 வருடத்தில் பாதியைப் பேஸுக்கு வந்துபோவதில் கழிக்க நேரலாம். சம்பளம் கூடும், ஓய்வூதிய நிதியும் கூடும். அந்தக் கூடுதல் தொகையை ஒரு பக்கமும், வீட்டில் இருக்க முடியாத இரவுகளை இன்னொரு பக்கமும் எழுதி, வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். க்ரூ ரூமில் கூட இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்கிற விஷயம் இது இல்லை.