எல்லாம் குலைந்த பிறகு ஓர் அரசியலமைப்பு: வகுப்பறைப் பயிற்சி, படிப்படியாக

குடியியற் கல்வியில் அரசியலமைப்பு என்ற பாடம் வந்ததும் பிள்ளைகள் ஆண்டுகளை மனனம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். இலங்கையின் அரசியலமைப்புகள் வரிசையாக வந்துவிடும்: 1931 டொனமூர், 1947 சோல்பரி, 1972 முதலாம் குடியரசு, 1978 இரண்டாம் குடியரசு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து சிறப்பியல்புகள். பரீட்சையில் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் மக்கள் ஏன் இப்படி ஓர் ஆவணத்தை எழுதி, அதற்குத் தாங்களே கட்டுப்படச் சம்மதிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். வாக்கெடுப்பில் தோற்றவர் ஏன் அந்த ஆவணத்தை மதிக்க வேண்டும் என்பது இன்னும் கடினமான கேள்வி. அந்தப் பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதைப் பிள்ளைகள் தாங்களாகவே வந்தடைவதற்காக, திருகோணமலையில் தரம் 10, 11 மாணவர்களோடு நான் நடத்தும் ஒரு பயிற்சியை இங்கே விளக்குகிறேன். ஒரு சமூகம் குலைந்துபோய்விட்டது. எஞ்சியவர்கள் கூடி, இனி எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று விதி எழுதுகிறார்கள். இதுவரை இப்படி எதையும் வகுப்பில் செய்திராத ஆசிரியர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். உயர்தர அரசியல் விஞ்ஞான வகுப்புக்கும் இது பொருந்தும்.

தேவையானவை: 80 நிமிட இரட்டைப் பாடவேளைகள் நான்கு, டிமைத் தாள்கள், மார்க்கர் பேனாக்கள், தபாலட்டை அளவில் வெட்டிய வெற்று அட்டைகள், ஒரு கைமணி. 35 பிள்ளைகள் வரை ஓர் ஆசிரியர் தனியாகவே நடத்தலாம்.

படி 1: எது குலைந்தது, எங்கே குலைந்தது

இதை வகுப்புக்குப் போகும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்தில் போரைக் காரணமாக வைக்க வேண்டாம். 2006இல் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் முன்னால் இருக்கக்கூடும். கடலும் வேண்டாம். 2004 ஆழிப்பேரலையில் உறவினரை இழந்த வீடுகள் கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் இருக்கின்றன. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்த துயரம் இன்னும் ஆறவில்லை. ஒரு பிள்ளையின் உண்மையான காயத்தைப் பயிற்சிக்கான கருவியாக்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை.

நான் தேர்ந்தெடுப்பது சூரியப் புயல், அதாவது சூரியனிலிருந்து வெடித்து வரும் மின்துகள்கள் பூமியைத் தாக்குவது. அதில் எதிரி கிடையாது, யார் மீதும் பழி விழாது, அறிவியலும் உண்மையானது. 1859 செப்டெம்பரில் பெரும் சூரியப் புயல் ஒன்று தாக்கியபோது தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். இதைவிடப் பலமான ஒரு புயல் மின்மாற்றிகளை எரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லை, எரிபொருள் நிலையத்தில் பம்பி இயங்காது, வங்கியில் இருந்த பணம் எண்ணாகக்கூட மிஞ்சவில்லை, தொலைபேசி ஊமை. ஆறு மாதம் கடந்துவிட்டது.

இடத்தைக் கற்பனையாகவே வையுங்கள். திருகோணமலை மாவட்டமே தனக்கு அரசியலமைப்பு எழுதுவதாக வைத்தால், பயிற்சி வேறு அர்த்தம் பெற்றுவிடும். தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்யும் ஆறாவது திருத்தம் 1983 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெற்றோரும் அதிபரும் தேவையில்லாத கவலைக்கு ஆளாவார்கள். எனவே என் வகுப்பில் அது ‘ஏழூற்று’ என்ற தீவு. ஒரு பக்கம் ஆழமான துறைமுகமும் மீனவர் குடியிருப்பும். உள்ளே ஒரு பெரிய குளம். அதன் வாய்க்கால் தலைப்பில் ஒரு கிராமம், கடைமடையில் இன்னொரு கிராமம். வடக்கே உப்பளம். களப்புக்கு அப்பால், படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு கரை. துறைமுகத்தின் அருகே எண்ணெய்க் குதங்கள். அவற்றில் கொஞ்சம் டீசல் மிச்சம் இருக்கிறது. வரைபடத்தைப் பலகையில் வரைந்த உடனேயே பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தின் தம்பலகாமத்தையும் சீனன்குடாவையும், 2009இல் பாலம் திறக்கப்படும் முன் இருந்த கிண்ணியாத் துறையையும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதை மறுக்கவும் வேண்டாம், உறுதிப்படுத்தவும் வேண்டாம்.

படி 2: விதி எழுதுவதற்கான விதி

முதல் நாள் முழுவதையும் இதற்கே கொடுங்கள். பிள்ளைகள் உடனே ‘எல்லோரும் சமம்’ என்று எழுதத் துடிப்பார்கள். நிறுத்திவிட்டு ஒன்றைக் கேளுங்கள்: இந்த வகுப்பில் ஒரு விதி எப்போது நிறைவேறியதாகக் கருதப்படும்? பாதிக்கு மேல் ஒருவர் போதுமா? மூன்றில் இரண்டா? வராதவர்களைக் கணக்கில் சேர்ப்பதா?

இந்த இடத்தில் நாட்டின் வரலாற்றை உள்ளே கொண்டுவாருங்கள். 1978 அரசியலமைப்பின் 82ஆம் உறுப்புரைப்படி, திருத்தம் ஒன்றுக்கு வராதவர்கள் உட்பட மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவளிக்க வேண்டும். 225 பேரில் 150 பேர். சில உறுப்புரைகளை மாற்றுவதற்கு 83ஆம் உறுப்புரையின்படி மக்கள் தீர்ப்பும் தேவை. அடுத்து 1972க்குப் போங்கள். அந்த அரசியலமைப்பை வரைந்த பேரவையிலிருந்து தமிழரசுக் கட்சி 1971இல் வெளியேறியது. மொழி பற்றிய அதன் கோரிக்கைகள் ஏற்கப்படவில்லை. சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு அளித்திருந்த காப்பும் புதிய ஆவணத்தில் இடம்பெறவில்லை. பெரும்பான்மை இருந்தது, வாக்கெடுப்பு நடந்தது, விதி நிறைவேறியது. அப்படியானால் குறை எங்கே? இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். பலகையின் ஒரு மூலையில் எழுதி, நான்கு நாளும் அழிக்காமல் வைத்திருங்கள்.

விதியாக்கம் என்பது பாராளுமன்றத்தில் மட்டும் நடப்பது என்று எண்ணும் பிள்ளைக்கு வயல்வெளியைக் காட்டலாம். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளம் எப்போது திறக்கப்படும், எவ்வளவு நிலத்தில் விதைப்பது என்று விவசாயிகள் கூடித் தீர்மானிக்கிறார்கள். வட்டவிதானை வாய்க்காலைக் கவனிக்கிறார். வகுப்பில் யாராவது ஒருவரின் அப்பாவோ மாமாவோ அந்தக் கூட்டத்துக்குப் போயிருப்பார். அந்தப் பிள்ளையைப் பேச விடுங்கள்.

நாள் முடிவில் வகுப்பு இரண்டே இரண்டு விதிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும்: எத்தனை பேர் ஒப்பினால் விதி நிறைவேறும், எழுதிய விதியைப் பின்னர் எப்படித் திருத்துவது.

படி 3: தான் யாரென்று அறியாமல் எழுதுவது

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள்: உரிமைகள்; அதிகாரம் யாரிடம், எத்தனை காலம்; நீர், உணவு, எரிபொருள்; நீதியும் அவசரகாலமும். ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து உறுப்புரைகள் மட்டும். கூடினால் தரம் கெடும்.

ஏழூற்றில் தாங்கள் யார் என்பதைப் பிள்ளைகள் இன்னும் அறிய மாட்டார்கள். குளத்தின் தலைப்பில் நிலம் உள்ளவரா, கடைமடைக் குத்தகைக்காரரா, உப்பளக் கூலியா, எதுவும் தெரியாது. அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் ரோல்ஸ் 1971இல் விரித்துரைத்த எண்ணம் இது: சமூகத்தில் தனக்கு எந்த இடம் விழும் என்று தெரியாதவர்தான் நியாயமான விதியை எழுதுவார்.

எழுத்தில் கண்டிப்பாக இருங்கள். முதல் வரைவில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ‘எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்க வேண்டும்.’ நல்ல மனம், ஆனால் விதி இல்லை. யார், எவ்வளவு, எப்போது, மீறினால் என்ன என்ற நான்கையும் கேளுங்கள். பேரிடர் நிவாரணத்தில் உலகளவில் பின்பற்றப்படும் குறைந்தபட்ச நீரளவு, குடிப்பதற்கும் வீட்டுத் தேவைக்கும் சேர்த்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீட்டர் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த வரைவு ஏறத்தாழ இப்படி அமையும்:

‘தீவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 15 லீட்டர் நீர் வழங்கப்படும். இது வழங்கப்பட்ட பின்னரே வயலுக்கு நீர் திறக்கப்படும். நீர் மறுக்கப்பட்டவர் நடுவர் குழுவிடம் முறையிடலாம். குழு மூன்று நாட்களுக்குள் தீர்ப்பளிக்கும்.’

‘தீவில் இருக்கும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ‘தீவின் குடிமக்கள்’ என்று எழுதியிருந்தால் நேற்றுப் படகில் வந்து இறங்கியவருக்குத் தண்ணீர் இல்லை. இந்த வேறுபாட்டை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால் அன்றைய பாடவேளை முழுவதற்கும் அதுவே போதும். கண்டுபிடிக்காவிட்டால் நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம். அடுத்த படி அதை வெளியே கொண்டுவரும்.

படி 4: அட்டை எடுப்பது

நிறைவேறிய உறுப்புரைகளைச் சுவரில் ஒட்டிய பிறகு, ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஓர் அட்டை எடுக்கட்டும். வாய்க்கால் தலைப்பில் பத்து ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரர். கடைமடையில் குத்தகைக்கு விதைப்பவர். பார்வையற்ற முதியவர். தாய் தந்தை இல்லாத பதினான்கு வயதுச் சிறுமி. தீவில் மூன்று குடும்பங்கள் மட்டுமே பேசும் மொழிக்காரர். அரிசி திருடிக் காவலில் இருப்பவர். எண்ணெய்க் குதத்தின் சாவி வைத்திருப்பவர். களப்புக்கு அப்பால் வாழும் மருத்துவத் தாதி. இனப் பெயரையும் சமயப் பெயரையும் அட்டையில் எழுதாதீர்கள். எண்ணிக்கையில் குறைந்தவர் என்ற நிலையை மட்டும் எழுதுங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: சுவரில் உள்ள எந்த உறுப்புரை உங்களைக் காக்கிறது, எது உங்களைக் கைவிடுகிறது? ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம். மணி அடித்தால் அடுத்தவர்.

படி 5: நெருக்கடிகள்

மூன்றாம் நாள் முழுவதும் இதற்குத்தான். மூன்று பிள்ளைகளை நடுவர் குழுவாக இருத்துங்கள். அவர்களுக்கு ஒரே கட்டளை: ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று தீர்ப்பளிக்கக் கூடாது, உறுப்புரையின் எண்ணைச் சொல்லி, வாசித்துக் காட்டித்தான் முடிவு கூற வேண்டும். உறுப்புரை இல்லாவிட்டால் ‘ஆவணம் இங்கே பேசவில்லை’ என்று அறிவிக்கட்டும். அந்த அறிவிப்பு வரும் ஒவ்வொரு தடவையும் வகுப்பு தன் ஆவணத்தின் ஓட்டையைத் தன் கண்ணாலேயே காணும்.

முதல் நெருக்கடி: மழை பொய்த்துவிட்டது. கடைமடைக்கு நீர் வேண்டாம் என்று பெரும்பான்மை முறைப்படி வாக்களித்துவிட்டது. செல்லுமா?

இரண்டாவது: களஞ்சியக் காப்பாளர் நெல் திருடுகிறார் என்று யாரோ சுவரில் எழுதி ஒட்டிவிட்டார்கள். எழுதியவரைத் தண்டிக்கலாமா? எழுதியது உண்மையா பொய்யா என்பதை அட்டையில் குறிப்பிடாதீர்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. தொற்றுநோய் பரவுகிறது. தீவின் தலைவர் ஆறு மாதத்துக்கு எல்லா அதிகாரமும் தன்னிடம் இருக்க வேண்டும், தேர்தலைத் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்கிறார். அவர் நல்லவர், திறமையானவர், எல்லோருக்கும் பிடித்தவர் என்று அட்டையில் அழுத்தமாக எழுதுங்கள். கெட்டவர் கேட்டால் மறுப்பது எளிது.

பெரும்பாலான பிள்ளைகள் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லாமல் ஜெர்மனியின் கதையைச் சொல்லுங்கள். 1919 வைமார் அரசியலமைப்பின் 48ஆம் உறுப்புரை, அவசரநிலையில் அடிப்படை உரிமைகளை இடைநிறுத்தும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குக் கொடுத்தது. 1933 பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அந்த உறுப்புரையின் கீழ் பேச்சு, கூட்டம், தனிமனித சுதந்திரம் அனைத்தும் இடைநிறுத்தப்பட்டன. நாசி ஆட்சி அந்த ஆணையைக் கடைசிவரை நீக்கவில்லை. எல்லாம் இடிந்த பிறகு 1949இல் எழுதிய அடிப்படைச் சட்டத்தில், மனித கண்ணியத்தை எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாது என்று 79ஆம் உறுப்புரையில் பூட்டிவைத்தார்கள். குலைவுக்குப் பின் எழுதிய உண்மையான ஆவணம் அது.

அதிலிருந்து நம் நாட்டுக்கு வாருங்கள். சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரை, சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் உரிய 10ஆம் உறுப்புரை ஆகியவற்றுக்கு அவசரகாலத்திலும் கட்டுப்பாடு விதிக்க 15ஆம் உறுப்புரை இடம் தரவில்லை. அவசரகாலப் பிரகடனம் ஒரு மாதத்துக்கே செல்லும். 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அதற்கு முன்பே இறந்துவிடும். இத்தனை இருந்தும் 1983 முதல் 2011 வரையான காலத்தின் பெரும்பகுதியில் மாதந்தோறும் நீடித்து நீடித்தே நாடு அவசரகாலத்தின் கீழ் வாழ்ந்தது. இதைக் கேட்ட பின்னர் பிள்ளைகள் கால எல்லையோடு மட்டும் நிற்பதில்லை; எத்தனை தடவை நீடிக்கலாம், ஒவ்வொரு தடவையும் கூடுதலான ஆதரவு வேண்டுமா என்றும் கேட்கத் தொடங்குகிறார்கள்.

படி 6: திருத்தம், இறுதி வாக்கு, மறுப்புரை

நான்காம் நாள் ஓட்டைகளை அடைப்பதற்கு. முதல் நாள் ஏற்ற திருத்த விதியின்படிதான் மாற்றலாம். பிள்ளைகள் சலித்தால் தென்னாபிரிக்காவைச் சொல்லுங்கள்: 1996 மே மாதம் நிறைவேற்றிய அரசியலமைப்பை, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட 34 கோட்பாடுகளுக்கு முற்றாக இணங்கவில்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் செப்டெம்பரில் திருப்பி அனுப்பியது, திருத்தி எழுதிய பின் டிசம்பரில்தான் சான்றளித்தது.

வாக்கெடுப்பு இரகசியமாக நடக்கட்டும். முடிவு வந்ததும் எதிர்த்து வாக்களித்தவர்கள், விரும்பினால், ஒரு பந்தியில் தங்கள் மறுப்புரையை எழுதலாம். அது ஆவணத்தோடு சேர்த்தே தைக்கப்பட வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். பிறகு பலகை மூலையில் இருக்கும் கேள்வியை வாசிக்கச் சொல்லுங்கள். மறுப்புரை எழுதியவர்களே முதலில் பேசட்டும்.

புள்ளி வழங்குவதானால் மொழி அழகுக்குக் கொடுக்காதீர்கள். ஓர் உறுப்புரையை நெருக்கடியில் சோதித்து, எந்தச் சொல் ஏன் மாற்றப்பட்டது என்று மாணவர் விளக்கும் அரைப் பக்கக் குறிப்புக்குக் கொடுங்கள். வீட்டுவேலையாக நாட்டின் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளைக் கூறும் மூன்றாம் அத்தியாயத்தையும் 126ஆம் உறுப்புரையையும் வாசிக்கச் சொல்லலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்ற 126ஆம் உறுப்புரை, தாங்கள் எழுதிய ‘மூன்று நாட்கள்’ விதியோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று அவர்களே ஒப்பிடுவார்கள்.

முடிந்த ஆவணத்தைப் பக்கத்து வகுப்பிடமோ அடுத்த ஆண்டு வகுப்பிடமோ ஒப்படையுங்கள். தாங்கள் எழுதாத ஒரு விதியின் கீழ் வாழ வேண்டியவர்கள் அவர்கள். அவர்களின் முதல் வேலை, பிடிக்காத ஓர் உறுப்புரையைத் தேர்ந்தெடுத்து, ஆவணத்தில் உள்ள திருத்த விதியின்படி மட்டுமே அதை மாற்றிப் பார்ப்பது. திருத்த விதி தெளிவில்லாமல் கைக்கு வந்திருந்தால், அந்த வகுப்பு படி 2இலிருந்து தொடங்கட்டும்.