மலைச்சரிவில் காட்டுத்தீ: யாழ்ப்பாணத்திலிருந்து மலையகம் செல்வோருக்கான கையேடு

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு நெருப்பைப் பற்றி ஒரு பட்டறிவு இருக்கிறது. ஆடி, ஆவணியில் பனங்கூடலிலோ பற்றைக்காட்டிலோ தீ பிடித்தால், சோளகம் எந்தப் பக்கமாக வீசுகிறது என்று பார்த்து, காற்று முதுகில் படும்படி எரிந்த பக்கத்தில் நின்று, பூவரசங் குழையாலும் ஈரச் சாக்காலும் அடித்து அணைப்பதும், எரியும் காவோலைத் துண்டு பறந்து அயல் வளவு வேலியில் விழாதபடி ஒருவர் காவல் நிற்பதும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடக்கின்றன. அந்த அறிவில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது தட்டை நிலத்தில் பெற்ற அறிவு. எல்ல, ஹப்புத்தளை, நக்கிள்ஸ் என்று மலையேறப் போகும் நம் இளைஞர்களும், மலையகத்தில் படிப்பவர்களும் தொழில் பார்ப்பவர்களும் அங்கே தீயைக் காணும்போது, காற்றை மட்டும் பார்த்துவிட்டு நெருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. மலையில் முதலில் பார்க்க வேண்டியது சரிவை. காற்று அதற்கு அடுத்ததுதான்.

சரிவு செய்யும் வேலை

தட்டை நிலத்தில் சுவாலை நிமிர்ந்து எரியும். காற்று சாய்த்தால்தான் முன்னால் உள்ள புல்லைத் தொடும். சரிவிலோ மேற்பக்கத்துப் புல் சுவாலைக்கு மிக அருகில் இருப்பதால், தீ வந்து சேருமுன்பே வெப்பம் பட்டுக் காய்ந்து, பற்றுவதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. மேலெழும் வெப்பக்காற்றும் சரிவை ஒட்டியே போகிறது. அவுஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வாளர்கள் வகுத்த அண்ணளவான கணக்கின்படி, சரிவு 10 பாகை கூடுந்தோறும் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் இரட்டிக்கும். 10 பாகையில் இரண்டு மடங்கு, 20 பாகையில் நான்கு மடங்கு, 30 பாகையில் எட்டு மடங்கு. அதே 30 பாகைச் சரிவில் சுமையோடு மேலே ஏறும் மனிதருக்கு ஓட்டம் என்பதே இல்லை, கையூன்றிய நடைதான் உண்டு. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் மலைத்தீயில் உயிர்கள் ஏன் போகின்றன என்பது விளங்கும்.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் 2018 மார்ச் 11 அன்று காய்ந்த புல்வெளியில் தீயால் சூழப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமெரிக்காவின் மொன்டானாவில், மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில், 1949 ஆகஸ்ட் 5 அன்று தீயணைப்பில் தேர்ந்த 13 பேர் புற்சரிவில் மேல்நோக்கி ஓடி உயிரிழந்தனர். அவர்களுடைய தலைவர் வாக்னர் டொட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தமக்கு முன்னால் இருந்த புல்லைத் தாமே கொளுத்தி, அது எரிந்து போன சாம்பலில் படுத்து உயிர் தப்பினார். பயிற்சி இல்லாதவர்கள் அவரைப் பின்பற்றித் தீ வைக்கக் கூடாது. ஆனால் ஏற்கெனவே முழுதாக எரிந்த நிலத்தில் மீண்டும் எரிவதற்கு ஒன்றும் இல்லை என்பதை ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

சரிவின் வடிவத்தையும் பாருங்கள். மலையின் மடிப்புகளில் ஓடும் ஒடுங்கிய ஓடைப் பள்ளங்கள், மழையில்லாக் காலத்தில் வறண்டு கிடக்கும்போது, நம் அடுப்படியின் புகைக்கூடு போல வெப்பத்தையும் சுவாலையையும் உறிஞ்சி மேலே இழுக்கும். அத்தகைய பள்ளத்தின் தலைப்பக்கத்தில், அது நிழலாகவும் நடக்க வசதியாகவும் தோன்றினாலும், கீழே தீ இருக்கும்போது ஒரு கணமும் நிற்கக் கூடாது. இரு சிகரங்களுக்கு இடைப்பட்ட தாழ்வான கழுத்துப் பகுதியும் அப்படியே. காற்று அங்கே ஒடுங்கி வேகம் பெறும்.

காற்றைப் பொறுத்தவரை, பகலில் வெயில் பட்டுச் சூடான சரிவில் காற்று மேல்நோக்கி ஏறும். இரவில் குளிர்ந்து கீழ்நோக்கி இறங்கும். காலையில் அமைதியாக நிற்கும் தீ முற்பகல் முடிவதற்குள் திடீரென மேலே பாய்வதற்கும், மாலையில் அடங்கியது போலத் தெரிந்த தீ இரவில் கீழே லயன் வீடுகள் இருக்கும் பக்கம் ஊர்வதற்கும் இதுவே காரணம். ஊவாவுக்கு இன்னொன்றும் உண்டு. நாம் சோளகம் என்று அறிந்த தென்மேல் பருவக்காற்றுத்தான் மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவுகளில் வறண்டு சூடாகி இறங்குகிறது. கிழக்கில் அதைக் கச்சான் என்பார்கள். யூன் முதல் செப்டெம்பர் வரை பதுளை மாவட்டத்து மானாப்புல் சரிவுகளும் பைனஸ் தோப்புகளும் எளிதாகப் பற்றுவது அதனால்தான்.

தீயைப் பின்தொடர்தல்

தீ எரியும் சரிவிலிருந்து அல்லாமல், எதிர்ச்சரிவிலிருந்து பாருங்கள். நெருப்பின் உள்ளே நிற்பவருக்குத் தம்மைச் சுற்றியுள்ள சில மீற்றர் மட்டுமே தெரியும். இருவர் ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள இரண்டு இடங்களில் நின்று, தொலைபேசியின் திசைகாட்டியில் புகையின் அடி எந்தப் பாகையில் தெரிகிறது என்று எடுத்து, நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் இரண்டு கோடுகள் இழுத்தால், அவை வெட்டும் இடத்தில் தீ இருக்கும். புகையின் உச்சியைப் பார்த்துப் பாகை எடுத்தால் கணக்குப் பிழைக்கும், ஏனெனில் உச்சியைக் காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கும். அந்த வரைபடத்திலேயே சமவுயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடங்களைப் பென்சிலால் நிழலிட்டுக்கொள்ளுங்கள். தீ அங்கே போய்ச் சேர்ந்தால் அதன் வேகம் மாறும்.

தீக்கு ஒரு தலை, இரண்டு விலா, ஓர் அடி உண்டு. தலை என்பது வேகமாக முன்னேறும் பக்கம். அடி என்பது தொடங்கிய பக்கம். 15 நிமிடங்களுக்கு ஒருமுறை நேரத்தை எழுதி, தலை எங்கே நிற்கிறது, எந்த விலா அகலுகிறது, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். மூன்று குறிப்புகள் சேர்ந்தவுடன் அடுத்த அரை மணி நேரத்தில் தீ எங்கே இருக்கும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். நின்ற நிலையில் இருந்த புகைத்தூண் சட்டென்று சாய்ந்தாலும், தலைக்கு முன்னால் தனியாக ஒரு சிறு புகை எழுந்தாலும் உடனே கீழே உள்ளவர்களுக்கு அறிவிக்க வேண்டும். இரண்டாவது அறிகுறி மிகக் கொடியது. நம் ஊரில் காவோலை பறப்பது போல அங்கே யூக்கலிப்ரஸ் பட்டை எரிந்தபடி காற்றில் பறந்து, பள்ளத்துக்கு அப்பால் புதிய தீயை உண்டாக்கும்.

நாசாவின் பேர்ம்ஸ் (FIRMS) இணையத்தளம் செய்மதிகள் கண்ட வெப்பப் புள்ளிகளை ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்குள் வரைபடத்தில் காட்டுகிறது. பரந்த பகுதியில் எத்தனை இடங்களில் எரிகிறது என்று அறிய அது நல்ல உதவி. ஆனால் அதிலுள்ள ஒரு புள்ளி, நுண்மையான உணரியில்கூட, 375 மீற்றர் அகலமுள்ள ஒரு சதுரத்தைக் குறிக்கிறது. அதற்குள் தீ எங்கே என்பதை அது சொல்லாது. முகில் மூடியிருந்தால் புள்ளியே விழாது. புள்ளி இல்லை என்பதால் தீ இல்லை என்று ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள்.

நெருங்குமுன்

முதலில் அறிவியுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, தீயணைப்புச் சேவை 110, பொலிஸ் 119. அருகிலுள்ள தோட்டக் காரியாலயத்துக்கும் கிராம அலுவலருக்கும் ஆள் அனுப்புங்கள். சுற்றுலாப் பயணியாகச் சென்றவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, சரியான இடத்தைச் சொல்லிவிட்டுப் பாதையை விட்டு விலகி நிற்பதுதான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அணைக்கும் பணியில் சேருவதென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தினரோ தோட்டத்தில் அனுபவமுள்ளவரோ தலைமை தாங்க வேண்டும்.

கைக்கருவிகளால் அணைக்கக்கூடிய தீயின் எல்லை தெளிவானது. சுவாலை 1.2 மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய நெஞ்சளவுக்கு, உட்பட்டிருந்தால் விளிம்பில் நின்று தாக்கலாம். அதற்கு மேல் போனால் வெப்பமே நெருங்க விடாது. தள்ளி நின்று, புல்லை நீக்கித் தீயை மறிக்கும் கோடு வெட்டுவதுதான் வழி.

உடை முழுக்கைப் பருத்தியாக இருக்கட்டும்; மலையேற்றத்துக்கென விற்கப்படும் நைலோன், பொலியெஸ்ரர் உடைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தோற் சப்பாத்து, தடித்த கையுறை, தண்ணீர், விசில் ஆகியவை எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஒருவரைக் காவலாளாக நிறுத்துங்கள். அவர் மண்வெட்டியைத் தொடக் கூடாது. தீயையும் ஆட்களையும் ஒருங்கே பார்க்கும் இடத்தில் நிற்க வேண்டும். பள்ளத்தாக்கில் தொலைபேசி அலைவரிசை அற்றுப்போகும் என்பதால், மூன்று விசில் என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியேறுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வெளியேறும் வழிகள் இரண்டு வேண்டும், இரண்டையும் குழுவில் மிக மெதுவாக நடப்பவரை நடக்கவிட்டு நேரம் பார்க்க வேண்டும். அவை மேல்நோக்கிப் போகாமல், குறுக்காகவோ கீழ்நோக்கியோ போய், எரிந்து தணிந்த நிலத்தில், அகன்ற பாறைத் தளத்தில் அல்லது தார் வீதியில் முடிய வேண்டும்.

அணைத்தல்

எப்போதும் அடியிலிருந்து தொடங்குங்கள். எரிந்து முடிந்த கரி நிலத்தையோ வீதியையோ பிடியாகக் கொண்டு, அங்கிருந்து விலா வழியே மேலேறி, ஒரு கால் கரியில் இருக்கும்படி வேலை செய்தால், தீ திரும்பினாலும் ஓர் எட்டில் எரிந்த நிலத்துக்குள் போய்விடலாம். தலைக்கு நேர் மேலே, சரிவின் நடுவில் நின்று கோடு வெட்டுவது பார்வைக்கு வீரமாகத் தெரியும். அதைச் செய்யக் கூடாது. தலையை மறிப்பதென்றால் மலை முகட்டுக்கு அப்பால், மறுசரிவின் தொடக்கத்தில் மறிக்க வேண்டும். அங்கே தீ கீழ்நோக்கி இறங்க வேண்டியிருப்பதால் வேகம் இழக்கும்.

கோடு என்பது புல், சருகு, வேர் எல்லாவற்றையும் நீக்கி வெறும் மண் தெரியும்வரை வெட்டிய பட்டை. அதன் அகலம் சுவாலை உயரத்தின் இரு மடங்காவது இருக்கட்டும். வெட்டிய பச்சையையும் காய்ந்த புல்லையும் தீ இல்லாத பக்கம் தூரமாக எறியுங்கள். கரிந்ததை எரிந்த பக்கம் தள்ளுங்கள். தீக்குக் கீழே வெட்டும் கோட்டில் தட்டை நிலத்தில் இல்லாத ஒரு தேவை உண்டு. கோட்டோடு சேர்த்துக் குழிவான வாய்க்கால் ஒன்றை வெட்டி, தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் வரம்பாக அணைக்க வேண்டும். பைனஸ் காய் ஒன்று உள்ளே தணலோடு உருண்டு வரும்போது, வெறும் கோட்டைத் தாண்டிப் போய்க் கீழே புதிய தீயை மூட்டிவிடும். அந்தத் தீ பிறகு மேல்நோக்கி உங்களிடமே வரும். வாய்க்கால் இருந்தால் காய் அதில் விழுந்து அங்கேயே எரிந்து அணையும்.

ஆட்கள் ஒருவருக்கு நேர் கீழே மற்றவர் நிற்கக் கூடாது. தீயால் மண் இளகிக் கற்கள் உருளும், கண்டவர் "கல்!" என்று கத்த வேண்டும்.

குழையால் அடிப்பதில் நம் கைப்பழக்கம் மலையிலும் உதவும். ஆனால் ஓங்கி அடித்தால் தணல் சிதறும். குழையைச் சுவாலையின் அடியில் வைத்து, எரிந்த பக்கமாக அழுத்தி இழுங்கள். வெங்காயத்துக்கு மருந்தடிக்கும் 16 லீற்றர் முதுகுத் தெளிகருவி நல்ல ஆயுதம். முன்பு ஊற்றிய மருந்தின் எச்சம் போகும்வரை அதைப் பலமுறை கழுவியிருக்க வேண்டும், இல்லையேல் சூட்டில் அது நஞ்சுப் புகையாக எழும். தண்ணீரில் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் சருகுக்குள் நன்றாக ஊறும். சுவாலையின் மேலே தெளிப்பது வீண். எரியும் பொருளின் அடியில் படவேண்டும். விமானப்படை ஹெலிகொப்டர் வாளியோடு வந்தால், தண்ணீர் விழும் பாதையிலிருந்து குறுக்காக விலகிவிடுங்கள், அந்தப் பாரம் கிளையையும் கல்லையும் சேர்த்து வீழ்த்தும்.

வழி அடைபட்டால் கருவிகளையும் பையையும் எறிந்துவிடுங்கள். கரி நிலத்துக்குள் போக முடிந்தால் சுவாலை தாழ்ந்த இடத்தில் புகுந்து போங்கள். முடியாவிட்டால் வெறும் மண்ணிலோ பாறை மறைவிலோ, கால் தீப்பக்கம் இருக்கும்படி குப்புறப் படுத்து, முகத்தை மண்ணோடு வைத்து மூச்செடுங்கள். சூடான காற்று சுவாசப்பாதையைச் சுடுவது தோல் எரிவதைவிட விரைவில் உயிரைப் பறிக்கும்.

அணைந்த பின்

சுவாலை மறைந்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். கோட்டை ஒட்டிய எரிந்த பகுதியைக் கையுறை கழற்றிய புறங்கையால், மண்ணில் படாமல் சற்று மேலே பிடித்துத் தடவிப் பாருங்கள். சூடு தெரியும் இடத்தைத் தோண்டினால் பைனஸ் அடிக்கட்டையின் வேர் நிலத்துக்கு அடியில் புகைந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, மண்ணோடு கிளறி, மீண்டும் ஊற்ற வேண்டும். மேல்நோக்கிய காற்று எழும் மறுநாள் முற்பகலிலிருந்து பிற்பகல் வரை இருவராவது அங்கே காவல் இருக்க வேண்டும்.

எரிந்த சரிவில் மண்ணைப் பிடித்திருந்த புல்லும் வேரும் போய்விட்டதால், ஒக்ரோபர், நவம்பர் மழையில் அது கரைந்து இறங்கக்கூடும். கீழே லயன்களோ பாடசாலையோ வீதியோ இருந்தால், நேரக் குறிப்புகளோடு வரைந்த வரைபடத்தின் ஒரு பிரதியைக் கிராம அலுவலர் மூலம், மண்சரிவு அபாயத்தைக் கவனிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சேரும்படி கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.