சராசரியை விடுங்கள், தவறான விடைகளைப் பாருங்கள்

எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாள் வைக்கும் கொள்குறித் தேர்வில் வகுப்புச் சராசரி 58 என்று வருகிறது. அதை வைத்து நாளை எந்தப் பாடத்தை மாற்றி நடத்துவது? யார் எந்தக் கேள்விக்கு எந்த விடையைக் குறித்தார் என்ற விவரம்தான் ஆசிரியருக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், அதே பாணியில் நீங்களே ஒரு மாதிரித் தேர்வு வையுங்கள்.

எக்செல் தாளில் வரிசைக்கு ஒரு மாணவர், பத்திக்கு ஒரு கேள்வி. சரி, தவறு என்று போடாமல் அ, ஆ, இ, ஈ எனக் குறித்த எழுத்தையே பதியுங்கள். மொத்த மதிப்பெண்படி அடுக்கி, மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் பேரைப் பிரித்தெடுங்கள். 40 பேர் வகுப்பில் இது 11 பேர் வீதம் வரும். ஒரு கேள்வியை மேல்குழுவில் 9 பேரும் கீழ்க்குழுவில் 3 பேரும் சரியாகச் செய்திருந்தால் வித்தியாசம் 6. 11ஆல் வகுக்க 0.55. நன்றாகச் செய்பவரையும் திணறுபவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதை இந்த எண் சொல்லும். இது நல்ல கேள்வி. 0.2க்குக் கீழே போனால் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். ரொம்ப எளிதான கேள்வியிலும் இப்படி வரும், அது குறையல்ல. மைனஸில் வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள்.

முக்கியமான வேலை இனிமேல்தான். 0.4, 0.35, 0.125 மூன்றில் பெரியது எது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 0.125 என்று குறித்தவர்கள் பெரும்பாலும் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாக, 125 என்று படிக்கிறார்கள். சரியாக 0.4 குறித்தவர்களிலும் சிலர், ‘இலக்கம் குறைந்தால் எண் பெரிது’ என்ற தவறான விதியால் அங்கே வந்திருப்பார்கள். அடுத்து 0.4, 0.45 இரண்டையும் கொடுங்கள், இவர்கள் 0.4 என்பார்கள். முதல் கூட்டமோ இதைச் சரியாகச் செய்துவிடும். அதனால் இரண்டு கேள்வியும் சேர்ந்தால்தான் உண்மை தெரியும். இரு கூட்டத்துக்கும் பாடத்தை வேறு வேறாக நடத்த வேண்டும்.

கடைசிக் கேள்விகள் மட்டும் காலியாக இருந்தால் நேரம் போதவில்லை. நடுவில் ஓரிடத்திலிருந்து எல்லாமே தவறென்றால், ஓஎம்ஆர் தாளில் (வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் தாள்) ஒரு வரிசை தள்ளிக் குறித்திருக்கலாம்; பாடத்தைக் குறை சொல்லும் முன் விடைகளை ஒரு வரிசை நகர்த்திப் பாருங்கள்.

நான்கு தெரிவுள்ள கேள்வியில் குருட்டாம்போக்கில் குறித்தாலே நான்கில் ஒன்று சரியாகிவிடும். எனவே ஒரே கேள்வியை வைத்து எந்தப் பிள்ளைக்கும் முத்திரை குத்தக் கூடாது. ஒரே தவறான விடையில் பலர் குவிந்திருக்கும் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். மறுபடி நடத்தி, ஒரு வாரம் கழித்து எண்களை மாற்றிக் கேளுங்கள், காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் சொல்லி.